ராயப்பனின் நாலாவது டிராகன்

ராயப்பன் வீட்டு முன்னறையில் இதுவரை மூன்று டிராகன்கள் செத்திருக்கின்றன. மூன்றுமே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செத்தவை. முதல் டிராகன் குகைக்குள் நுழைந்தவர்களைப் பார்த்து, "வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அதன் கழுத்தில் மூன்று வெட்டு விழுந்துவிட்டதாகச் சொல்வார்கள். ராயப்பன் இதை மறுப்பதில்லை. வந்தவர்களை வா என்று சொல்லாமல் எப்படி இருப்பது என்றுதான் திருப்பிக் கேட்பார்.

ராயப்பனுக்கு நாற்பத்தெட்டு வயது. மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் அலுவலகக் கண்காணிப்பாளர். வீடு காளவாசல் சிக்னலுக்குப் பின்னால், ஹாரன் சத்தத்தை வைத்தே மணி சொல்லிவிடக்கூடிய ஒரு சந்தில். வாரத்தில் ஆறு நாள் மாற்றுச் சான்றிதழ், வருகைப் பதிவேடு, காணாமல் போன சாவி. ஏழாம் நாள் காலை பூசை, மதியம் டிராகன். கடவுளே ஓய்வெடுத்த நாளில் இவர் உலகம் படைக்க உட்கார்கிறாரே என்று மனைவி தெரசாவுக்கு ஒரு நிரந்தரக் கேலி உண்டு.

இந்தப் பழக்கம் வந்ததற்குத் தெரசாவின் தம்பிதான் காரணம். சிங்கப்பூரிலிருந்து வந்தவன் பெட்டியில் இடமில்லை என்று மூன்று தடிப் புத்தகங்களையும் ஒரு பை நிறையப் பகடைகளையும் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனான். புத்தகத்தைத் திறந்தால் பக்கம் பக்கமாக விதிகள். விதிக்குள் விதி, விதிக்கு விலக்கு, விலக்குக்கு ஒரு அடிக்குறிப்பு. அரசாணைகளைப் படித்தே தலை நரைத்த மனிதருக்கு அது அல்வாவாக இருந்தது. பதினோரு நாளில் படித்து முடித்து, பக்கங்களுக்கு நடுவே பேப்பர் துண்டு வைத்து அடையாளமும் போட்டுவிட்டார்.

விளையாட்டு சுலபம். ஒருவர் உலகத்தை நடத்துவார். மலை, ஊர், மழை, எதிரி எல்லாம் அவர் வாய்ச்சொல்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு கற்பனை வீரனாக அந்த உலகத்துக்குள் போவார்கள். தன் வீரன் என்ன செய்கிறான் என்று வாயால் சொல்ல வேண்டும். அது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். வீரர்கள் வருடக்கணக்கில் வாழலாம், வளரலாம், சாகவும் சாகலாம். ராயப்பன் மேசையில் ஆறு வருடமாக ஒருவரும் சாகவில்லை.

மேசைக்கு வருபவர்கள் மூன்று பேர். முதலாவது நாகூர் கனி. கீழவாசல் பக்கம் பூட்டுக் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்து அறைகளுக்குப் பூட்டு மாற்ற வந்து, ராயப்பன் மேசையில் இருந்த பகடையைப் பார்த்து, "இது என்ன தம்பி, இம்புட்டு மூஞ்சி" என்று கேட்டதில் மாட்டிக்கொண்டவர். ஐம்பத்து மூன்று வயது, முதுகில் டிஸ்க் பிரச்சினை, கேஸ் சிலிண்டரை நகர்த்தக்கூட ஆள் கூப்பிடுவார். அவருடைய வீரன் குள்ளர் இனத்துச் சம்மட்டி சுல்தான். முழங்கால் வரை தாடி, ஒரே அடியில் கோட்டைக் கதவை உடைக்கிற சம்மட்டி. சுல்தானுடைய விவரத் தாளை நாகூர் கனி லேமினேட் செய்து, அடி வாங்க வாங்கக் குறைகிற உயிர்ப் புள்ளிகளை மட்டும் அழித்தழித்து எழுதும் பேனாவால் குறித்து, வாரநாட்களில் கடை மேசை இழுப்பறையில் வைத்திருப்பார்.

இரண்டாவது டோனி. ஏ.சி. மெக்கானிக், இருபத்தேழு வயது, மந்திரவாதி. மூன்றாவது தாமரைச்செல்வி. தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். குணப்படுத்தும் வேலையைத்தான் அவருக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். "வாரம் பூராம் ஊசி போட்டாச்சு. ஞாயித்துக்கெழமையாச்சும் திருடிக்கிறேன்" என்று சொல்லித் திருடியாகிவிட்டார்.

ஒரு மணிக்குச் சாப்பாடு, மூன்று மணிக்கு விளையாட்டு. நாகூர் கனி வருவதால் கறி அவர் சொன்ன கடையில்தான் வாங்க வேண்டும் என்பது தெரசாவின் சட்டம். சுக்கா, குழம்பு, ரசம் என்று ஒரு பிடி பிடித்துவிட்டு மூவரும் நாற்காலியில் சாய்வார்கள். ராயப்பன் பழைய வருகைப் பதிவேடு ஒன்றைத் தன் முன்னால் விரித்து நிறுத்தி, அதன் மறைவில் பகடையை உருட்டுவார். உலகம் நடத்துபவர் மறைத்து உருட்டலாம் என்று விதியே இருக்கிறது. பிரச்சினை ராயப்பனுக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவில் வந்தது. அதில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி. ஓரமாக உட்காரும் டோனிக்கு அந்தக் கண்ணாடியில் பகடை தெரியும். எண் இடவலம் மாறித்தான் தெரியும். சுவரை ஒட்டி மாட்டிய மெஷின்களின் நம்பரைக் கண்ணாடி நீட்டிப் படித்தே பிழைப்பவனுக்கு அது ஒரு தடையா.

மூன்றாவது டிராகன் செத்த அன்று டோனி வாயைத் திறந்தான்.

"அங்கிள், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே. இப்ப விழுந்தது பதினெட்டு. நீங்க ஆறுன்னு சொன்னீங்க. போன வாரம் பத்தொம்போது விழுந்துச்சு, நாலுன்னு சொன்னீங்க. எட்டு மாசமா இதைப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

ராயப்பன் பீரோவைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியில் அவர் முகமே அவரைப் பார்த்து விழித்தது.

"சாப்ட்டுட்டு உக்காந்திருக்கீங்க," என்றார். "நாகூர் அண்ணே இப்பத்தான் ஏப்பம் விட்டாரு. நம்ம வீட்டுல கை நனைச்ச மனுசன எப்படிக் கடிக்கச் சொல்றது?"

தாமரைச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டோனிக்கும் வந்தது. நாகூர் கனிக்கு மட்டும் வரவில்லை. லேமினேட் தாளை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப ஆறு வருசமா சுல்தான் பொழச்சது அவன் தெறமையில இல்ல," என்றார். "நீங்க பாவம் பாத்து விட்டது."

"அப்படி இல்லண்ணே..."

"அப்படித்தான தம்பி. எங்க சம்சாரத்துக்கிட்ட, எங்க மச்சான்கிட்ட, கடைக்கு வார ஆளுககிட்டல்லாம் சொல்லி வச்சிருக்கேன், மூணு டிராகன அடிச்சவன்னு." தாளை மடியில் வைத்துக்கொண்டார். "அடுத்தது நெசமா அடிக்கணும். பகடைய நடு மேசையில போடணும். இல்லைன்னா எனக்கு ஞாயித்துக்கெழமை கடை இருக்கு."

மற்ற இருவரும் அதற்குத் தலையாட்டினார்கள்.

அன்றிரவு ராயப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்து நாலு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் அவரிடம் பேசிய எல்லோரும் ஒரு கையெழுத்துக்காகத்தான் பேசியிருக்கிறார்கள். அவர் அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் காத்திருப்பது உலகத்திலேயே அந்த ஒரு மேசையில்தான். அது கலைந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்பது திங்கட்கிழமைக்கு முந்தின நாள், அவ்வளவுதான். ஒரு நல்ல டிராகன் வேண்டும், இல்லாவிட்டால் மேசை போய்விடும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. நல்ல டிராகனை எப்படிச் செய்வது என்பதுதான் தெரியவில்லை.

வழக்கம்போல ஒரு புது நோட்டு எடுத்தார். அவர் ஒவ்வொரு டிராகனுக்கும் பணிப்பதிவேடு எழுதுவார். பிறந்த ஊர், பிறந்த தேதி, அங்க அடையாளம், பெற்ற தண்டனைகள், எடுத்த விடுப்பு. இரண்டாவது டிராகன் நூற்றிருபது வருடம் ஈட்டா விடுப்பில் தூங்கியதாகப் பதிவு இருக்கிறது. இவ்வளவும் எழுதுவார், சண்டை எப்படிப் போடும் என்ற இடத்தில், "நன்றாக" என்று எழுதியிருப்பார்.

மதிய இடைவேளையில் அலுவலக மேசையில் ஒத்திகை பார்த்தார். மூன்று ரப்பர் ஸ்டாம்பு மூன்று வீரர்கள், ஸ்டேப்ளர் டிராகன். டிராகன் ஒரு முறை அடித்தால் மூன்று ஸ்டாம்பும் ஆளுக்கொரு முறை திருப்பி அடித்தன. ஸ்டேப்ளர் நாலு சுற்று தாங்கவில்லை. உயிரை மூன்று மடங்காக்கிப் பார்த்தார். சாகவில்லை, ஆனால் இரண்டு மணி நேரம் விறகு வெட்டுகிற மாதிரி இருந்தது. அடியின் பலத்தை மூன்று மடங்காக்கினார். முதல் சுற்றிலேயே மூன்று ஸ்டாம்பும் காலி. அதற்கு டிராகன் எதற்கு, லாரி போதும். தலைமையாசிரியர் ஃபாதர் எட்டிப் பார்த்து, "என்ன ராயப்பன், ஸ்டாம்பெல்லாம் கவுந்து கெடக்கு?" என்று கேட்டார். "ஆய்வு, ஃபாதர்" என்றார் ராயப்பன். அவருக்கு அதற்கு மேல் பொய் சொல்ல வராது.

அடுத்த வாரம் தாமரைச்செல்வியின் மகளுக்கு அழகர்கோவிலில் காதுகுத்து. மேசையில் இருந்த எல்லோருக்கும் அழைப்பு. நாகூர் கனிக்கு மனைவி ஷாஹீதா தனியாக டப்பாவில் நெய்ச்சோறும் தாளிச்சாவும் கட்டிக் கொடுத்திருந்தார். விசேஷம் முடிந்ததும் வந்ததே வந்தோம் என்று மலைப்பாதையில் கொஞ்ச தூரம் நடந்தார்கள். அங்கே ஒரு மண்டபத்துக் கூரையில் அது உட்கார்ந்திருந்தது. ஒரு காது கிழிந்த, வயதான ஆண் குரங்கு.

"கம்ப எடு," என்றார் நாகூர் கனி. டோனி ஒரு கம்பை எடுத்தான். நாகூர் கனி குடையை மடக்கிப் பிடித்தார். குரங்கு கம்பையும் குடையையும் பார்த்தது. இறங்கவில்லை. வேறு எதையோ யோசிப்பது போல முதுகைச் சொறிந்துகொண்டது. ஐந்து நிமிடம் போனது, இவர்களுக்குக் கை வலித்தது, கம்பு தாழ்ந்தது. அந்த நேரம் பார்த்து அது பின்பக்கமாக இறங்கி, தனியாகப் பின்தங்கியிருந்த தாமரைச்செல்வியின் கைப்பையைப் பிடித்து இழுத்தது. எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். குரங்கு பையை அப்படியே விட்டுவிட்டது. பை அதற்கு வேண்டியதே இல்லை. ஓடின ஓட்டத்தில் நாகூர் கனி படியில் வைத்துவிட்டு வந்த டப்பாதான் அதற்கு வேண்டியது. எல்லோரும் திரும்புவதற்குள் அது டப்பாவோடு கூரைக்குப் போய்விட்டது. டோனி கல்லெடுத்தான், கல் எட்டாத உயரத்துக்கு ஒரு அடி மேலே போய் உட்கார்ந்தது. மூடியைத் திறந்தது. நெய்ச்சோற்றை நிதானமாகத் தின்றது. முந்திரியை மட்டும் கடைசிக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டது.

நாகூர் கனி கீழே நின்று அதன் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டிருந்தார். ராயப்பன் மட்டும் ஒரு தூணில் சாய்ந்து, காதுகுத்து அழைப்பிதழின் பின்பக்கத்தில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். ஆயுதம் இருப்பவனிடம் போகாது. ஒருத்தனைப் பிரிக்கும். ஓட வைக்கும். வேண்டியதை எடுக்கும். எட்டாத உயரத்துக்குப் போகும். அவசரமே இல்லை.

நாலாவது டிராகனுக்குப் பெயர் காதறுந்தான். பணிப்பதிவேட்டில் சண்டை முறைக்கு மட்டும் ஏழு பக்கம் வந்தது.

மிச்சமிருந்த சிக்கலைத் தெரசா தீர்த்தார். "சாப்பாட்டை இந்த வாரம் அப்புறம் வச்சுக்குவோம்," என்றார். "சோத்தப் போட்டுட்டா உங்களால ஒரு எறும்பக்கூட நசுக்க முடியாது."

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கே உட்கார்ந்தார்கள். பகடை நடு மேசையில். பீரோக் கண்ணாடியில் ஒரு போர்வை, இனி அது தேவையில்லை என்றாலும் ஒரு மரியாதைக்கு. அடுக்களையில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

மலை உச்சியில் மூவரும் டிராகனைத் தேடினார்கள். டிராகன் வரவில்லை. பனிமூட்டத்துக்கு மேலே இறக்கைச் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் அவர்களுடைய கோவேறு கழுதை காணாமல் போனது. பிறகு கழுதை மேல் இருந்த கயிறும் விளக்கும் மட்டும், யாரோ அளந்து போட்ட மாதிரி, உயரத்திலிருந்து வந்து விழுந்தன. டோனி நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டான். தாமரைச்செல்வி நகத்தைக் கடித்தார்.

"டிராகனுக்கிட்ட பேசிப் பாப்பமா?" என்றார் நாகூர் கனி. "கீழ வான்னு கூப்புடுறேன். ஆம்பளையா இருந்தா எறங்கி வான்னு சொல்றேன்."

"அது முதுகச் சொறியுற சத்தம் கேக்குது," என்றார் ராயப்பன்.

பிறகு அது ஓரமாக நின்ற மந்திரவாதியைக் கவ்வித் தூக்கியது. சுல்தானும் திருடியும் அந்தப் பக்கம் ஓடினார்கள். டிராகன் மந்திரவாதியை ஒரு பள்ளத்தில் போட்டுவிட்டது. மந்திரவாதி அதற்கு வேண்டியதே இல்லை. பனி விலகியபோது, ஓடிய வழியில் இருந்த ஒரு பாலத்தின் நடுவில், திருடி முந்திப் போய்விட்டதால், சுல்தான் தனியாக நின்றுகொண்டிருந்தார். காதறுந்தான் அவருக்கு நேர் மேலே, சம்மட்டி எட்டும் உயரத்துக்கு ஒரு அடி மேலே.

ராயப்பன் பகடையை உருட்டினார். எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். பதினொன்று. நெருப்பு சுல்தானைத் தொட வேண்டுமென்றால் பதினெட்டு வேண்டும். பதினொன்றோடு டிராகனின் பலத்தைக் கூட்ட வேண்டும். டிராகனின் பலம் ஏழு. அந்த ஏழு பதிவேட்டில் ராயப்பன் கைப்பட எழுதியது. அந்த அறையில் வேறு ஒருவருக்கும் தெரியாது. ஆறு என்று சொன்னால் போதும், சுல்தான் இன்னும் ஆறு வருடம் இருப்பார்.

அடுக்களையிலிருந்து சுக்கா வாசனை வந்தது. நாகூர் கனி நிமிர்ந்து ராயப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. ஆறு வருடமாக ராயப்பன் எதிர்பார்த்த பயம். வந்தபோது அவர் பதிவேட்டைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டார்.

"ஏழு," என்றார். "மொத்தம் பதினெட்டு."

நெருப்புக்கான பகடைகளை உருட்டினார்கள். டோனிதான் கூட்டினான். இரண்டு முறை கூட்டினான். சுல்தானிடம் இருந்த உயிரைவிட ஒன்பது அதிகம்.

தெரசா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றார். "என்ன எல்லாரும் இப்படி நிக்கிறீங்க?"

"சுல்தான் செத்துட்டாரு," என்றார் ராயப்பன்.

நாகூர் கனி சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, லேமினேட் தாளில் உயிர்ப் புள்ளி எழுதியிருந்த இடத்தைத் துடைத்தார். தாளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எலை போட்டாச்சுண்ணே, சாப்ட்டுட்டுப் போங்க" என்று தெரசா சொன்னதற்கு, "பசிக்கலம்மா" என்றார். ஆறு வருடத்தில் அந்த வீட்டில் அவர் சொன்ன முதல் "பசிக்கல" அது. மற்ற இருவரும் அன்று சாப்பிட்டார்கள், இப்படி ஒரு டிராகனைப் பார்த்ததே இல்லை என்று வாய் ஓயாமல் பாராட்டினார்கள். ராயப்பனுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

அடுத்த ஞாயிறு நாகூர் கனி வரவில்லை. "யாவாரம்" என்றார் போனில். அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

நடுவில் ஒரு நாள் ஷாஹீதா தெரசாவைக் கூப்பிட்டார். "எக்கா, உங்க வீட்டுல என்னதான் நடந்துச்சு? வந்த மனுசன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காக. என்னாங்கன்னு கேட்டா சுல்தான் மௌத்தாயிட்டாருங்கறாக. கொட்டாம்பட்டியில எங்க மாமு பேரு சுல்தான்க்கா. நான் அழுதுகிட்டே அங்க போன் போட, எடுத்ததே மாமுதான். அதுக்குள்ள சொந்தக்காரவுக ரெண்டு பேரு மேலூர்ல பஸ் ஏறிட்டாக."

மாமு இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாராம்.

டோனி ஒரு வழி சொன்னான். செத்தவரை எழுப்பும் மந்திரம் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. ஒரு கோவில், ஒரு பூசாரி, ஒரு வைரம், முடிந்தது வேலை. ராயப்பன் அந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தார். தாமரைச்செல்விதான் தடுத்தார். "எழுப்பி விட்டீங்கன்னா, மறுபடியும் பாவம் பாத்துட்டாருன்னுதான் அண்ணே நெனைப்பாரு. செத்தவர சாக விடுங்க சார்." ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர் சொன்னால் அதில் ஒரு கனம் இருக்கத்தான் செய்கிறது. ராயப்பன் புத்தகத்தை மூடினார்.

புதன்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கீழவாசல் போனார். நாகூர் கனி கடையில் தனியாக இருந்தார். "வாங்க" என்றார், வாடிக்கையாளரிடம் சொல்கிற மாதிரி. ராயப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் வந்தார். ஆனால் நாகூர் கனியின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு வாயில் வந்தது வேறு. துக்க வீட்டுக்குப் போனால் நாம் எல்லோரும் கேட்பதுதான்.

"எப்படிண்ணே ஆச்சு?"

கொன்றவரே வந்து உட்கார்ந்து எப்படி ஆச்சு என்று கேட்டால் வேறு யாராக இருந்தாலும் பூட்டை எடுத்து எறிந்திருப்பார்கள். நாகூர் கனி கையில் இருந்த சாவியைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.

"காலையில நல்லாத்தான் இருந்தாரு. மலை ஏறும்போதுகூட ஒரு சோர்வு இல்ல..."

பம்ப்செட் ரூமுக்குப் பூட்டு வாங்க ஒரு பெரியவர் வந்து நின்றார். பேச்சைக் கேட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார்.

"வயசு என்ன இருக்கும்?" என்று கேட்டார்.

"நூத்தி அறுவது," என்றார் நாகூர் கனி, நினைவில்லாமல்.

பெரியவர் அதை அதிர்ச்சியில் வந்த உளறல் என்று எடுத்துக்கொண்டு, "புள்ள குட்டி?" என்றார்.

"கல்யாணமே ஆகல."

"அடப் பாவமே. எதுல போனாரு?"

"நெருப்புலங்க," என்றார் ராயப்பன், தரையைப் பார்த்தபடி.

"கேஸ்ல ரொம்ப சாக்கிரதையா இருக்கணும்," என்றார் பெரியவர். பூட்டை வாங்கிக்கொண்டு, இந்த நேரத்தில் போய்ப் பேரம் பேசவா என்று கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, நாகூர் கனியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

நாகூர் கனி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "மொதல்ல கழுதையத் தூக்குச்சு. நம்ம ஆயுதத்தோட நின்ன வரைக்கும் எறங்கல. டோனி தனியா நின்னான், அவன இழுத்துச்சு. நம்மல்லாம் அங்கிட்டு ஓடுனோம். அவன விட்டுருச்சு. திரும்புறதுக்குள்ள..."

நிறுத்திவிட்டார். மறுபடி மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"தம்பி."

"சொல்லுங்கண்ணே."

"இது அந்தக் கொரங்குல்ல?"

ராயப்பன் தலையாட்டினார்.

"எங்க வீட்டு நெய்ச்சோத்தத் தின்ன கொரங்கு."

"ஆமாண்ணே. காதுகூட அதோடதுதான்."

நாகூர் கனி தொங்கிய பூட்டுகளில் ஒன்றைத் திறந்து மூடி, திறந்து மூடினார். "நான் அன்னைக்குப் பேசினதுக்கு வஞ்சம் வச்சுக் கொன்னுட்டீகன்னு நெனச்சேன் தம்பி. ரெண்டு வாரமா அதுதான் உறுத்துச்சு," என்றார். "கொரங்குன்னா அதுக்கு வஞ்சம் ஏது. அதுக்கு நானும் ஒண்ணுதான், சுல்தானும் ஒண்ணுதான். நல்ல சாவுதான்."

டீ வந்தது. இருவரும் குடித்தார்கள். ராயப்பன் எழுந்தார். வாரேண்ணே என்ற வார்த்தை வழக்கம்போல வாயின் நுனிக்கு வந்துவிட்டது. துக்கம் கேட்கப் போன இடத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. சொன்னால் இன்னொரு துக்கத்துக்கு வருகிறேன் என்று ஆகிவிடும் என்று எழுந்து பேசாமல் நடந்துவிடுவார்கள். ராயப்பன் வார்த்தையை விழுங்கிக்கொண்டு, படியில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

நாலு கடை தாண்டியிருப்பார். பின்னால் செருப்புச் சத்தம். டிஸ்க் பிரச்சினை உள்ள மனிதர் ஓடி வந்துகொண்டிருந்தார்.

"என்ன தம்பி, சொல்லாமக் கொள்ளாமப் போறீக?"

"துக்க வீட்டுல சொல்லிட்டுப் போகக் கூடாதுல்லண்ணே."

ஷேர் ஆட்டோக்காரன் ஒருவன் இரண்டு பேரையும் விலகச் சொல்லி ஹாரன் அடித்தான். நாகூர் கனி விலகவில்லை. இடுப்பில் ஒரு கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு ராயப்பனையே பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அதை அவர் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"சுல்தானுக்கு ஒரு தங்கச்சி இருக்கா," என்றார். "இன்னும் பேரு வைக்கல. ஞாயித்துக்கெழமை வாரேன்."